பரவற்படி

ஆங்கிலத்தில் வேரியன்ஸ் எனப்படும் புள்ளியியல் அளவைக்குத் தமிழில் வழங்கும் சொற்களுள் ஒன்று பரவற்படி. ஒரு தொகுதியிலுள்ள அளவுகள் தம் சராசரியைச் சுற்றி எவ்வளவு தொலைவுக்குப் பரந்து கிடக்கின்றன என்பதை இது ஒரே எண்ணில் சொல்கிறது. ஒவ்வோர் அளவிலிருந்தும் சராசரியைக் கழித்து, அந்த வேறுபாடுகளை வர்க்கப்படுத்தி, வர்க்கங்களுக்குச் சராசரி கண்டால் பரவற்படி கிடைக்கும். அதன் வர்க்கமூலம் திட்ட விலக்கம் ஆகும்.

இச்சொல்லின் பொருள் காட்டில் நன்கு விளங்கும். மரத்தின் பருமனை நெஞ்சு உயரத்தில் அளப்பது வனவியல் மரபு. இந்தியாவில் அந்த உயரம் தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி. நாடாவைச் சுற்றிக் கிடைக்கும் சுற்றளவை 3.1416 ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். ஒரே ஆண்டில் நட்ட தேக்குத் தோட்டத்தில் ஐந்து மரங்களின் விட்டம் 18, 19, 20, 21, 22 செ.மீ. என்றும், பக்கத்து இயற்கைக் காட்டில் ஐந்து மரங்களின் விட்டம் 5, 8, 12, 25, 50 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சராசரி 20 செ.மீ. தான். ஆனால் தோட்டத்தின் பரவற்படி 2, காட்டின் பரவற்படி 271.6. சராசரியை மட்டும் எழுதிச் செல்பவர் இரண்டையும் ஒரே காடு என்றே பதிந்துவிடுவார்.

இந்த வேறுபாடு கணக்கோடு நின்றுவிடுவதில்லை. மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்ட வர்க்கங்களின் சராசரியோ, சராசரி விட்டத்தின் வர்க்கத்தோடு பரவற்படியைக் கூட்டினால் வருவது. தோட்டத்துக்கு 400 உடன் 2 சேர்ந்து 402. காட்டுக்கு 400 உடன் 271.6 சேர்ந்து 671.6. எனவே சராசரி விட்டமும் மர எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தும், காட்டின் அடிப்பரப்பு, அதாவது எல்லா மரங்களின் குறுக்குவெட்டுப் பரப்புகளின் கூட்டுத்தொகை, தோட்டத்தைப் போல் ஒன்றே முக்கால் மடங்கை நெருங்குகிறது. அந்தக் கூடுதல் பரப்பு முழுவதும் பரவற்படிக்குள்தான் இருக்கிறது. 50 செ.மீ. மரம் ஒன்று மட்டுமே காட்டின் பரவற்படியில் மூன்றில் இரண்டு பங்கைத் தருவதையும் கவனிக்க வேண்டும்; ஒரு முதிய மரத்தை வெட்டினால் இந்த எண் சரிந்துவிடும்.

வேரியன்ஸ் என்பதன் வேர், பலவகைப்பட்டது, பல நிறப் புள்ளிகளை உடையது என்று பொருள்படும் வாரியுஸ் என்ற இலத்தீன் சொல். ஆங்கிலச் சட்ட வழக்கில் அது முரண்பாட்டையும் கருத்து வேற்றுமையையும் குறித்து நெடுங்காலம் வழங்கியது. புள்ளியியல் பொருளை அதற்குத் தந்தவர் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர்; மெண்டலின் மரபுவிதிப்படி உறவினரிடையே காணும் ஒப்புமையை ஆராய்ந்து 1918இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் இச்சொல்லைக் கையாண்டார். திட்ட விலக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரை இன்னோர் ஆங்கிலேயப் புள்ளியியலாளரான கார்ல் பியர்சன் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே வழக்கில் விட்டிருந்தார். அப்படியிருக்க அதன் வர்க்கத்துக்குத் தனிப்பெயர் எதற்கு என்றால், தனித்தனியான காரணங்களால் விளையும் வேறுபாடுகளைக் கூட்டும்போது திட்ட விலக்கங்கள் நேராகக் கூடுவதில்லை, அவற்றின் வர்க்கங்களே கூடுகின்றன. ஒரு காட்டின் மொத்தப் பரவற்படியில் இனத்துக்கு இனம் உள்ள வேறுபாடு எவ்வளவு, ஒரே இனத்துக்குள் உள்ள வேறுபாடு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடிவது இதனால்தான்.

தமிழுக்கு வருவோம். பள்ளி நூல்களில் காணும் விலக்க வர்க்கச் சராசரி என்ற தொடர், கணக்கிடும் முறையையே பெயராக்கிக்கொண்டது. மாணவருக்குச் சூத்திரம் மறக்காது. அதன் கடைச்சொல்லான சராசரி, முனைக்கு முனை, முழுவதும் என்ற பொருளுடைய பாரசீகச் சொல்லிலிருந்து வந்து தமிழோடு தமிழாகிவிட்டது என்பது ஒருபுறம் இருக்கட்டும். இலங்கைத் தமிழில் மாறற்றிறன் என்பர். மாறல், திறன் என்ற இரண்டின் கூட்டு அது. பரவற்படியில் பரவல் என்பது விரிந்து கிடத்தல், படி என்பது அளவின் தரம். மாறுபாடு என்று பொதுவாக எழுதுவோரும் உண்டு. வித்தியாசம், முரண், திரிபு எல்லாவற்றுக்கும் அச்சொல்லே வழங்குவதால் அளவையின் பெயராக அது நில்லாது.

காட்டைப் பற்றி எழுதும்போது பரவற்படியையே நான் தேர்வேன். விலக்கம் என்றதும் ஏதோ ஒரு நெறியிலிருந்து விலகியது, ஒதுக்கப்பட்டது என்ற நிழல் தமிழில் உடன் வந்துவிடுகிறது. இயற்கைக் காட்டிலோ 20 செ.மீ. மரம் நெறியும் அன்று, 5 செ.மீ. கன்று பிழையும் அன்று. பிரெஞ்சு வனவியலாளர் தெ லியோகூர் 1898இலேயே எடுத்துக்காட்டியபடி, பல வயது மரங்கள் கலந்த காட்டில் மெல்லிய மரங்கள் மிகப் பல. பருமன் கூடக் கூட எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். அத்தகைய காட்டில் சராசரிப் பருமனுள்ள மரத்தைத் தேடினால் அகப்படுவது சிலவே.

முதுமலையில் 1988இல் தொடங்கி இந்திய அறிவியல் நிறுவனத்தார் கண்காணித்துவரும் 50 ஹெக்டேர் ஆய்வுப் பரப்பில், 1 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட எல்லாத் தண்டுகளும் எண்ணிடப்பட்டன. முதல் கணக்கில் அவை ஏறத்தாழ 26,000. அதில் பாதிப் பரப்பே உடைய இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டு ஆய்வுப் பரப்பில் ஏறத்தாழ 2 இலட்சம். அடிக்கடி தீப்பிடிப்பதும் யானைகள் மேய்வதும் முதுமலையில் இளந்தண்டுகள் குறையக் காரணங்கள். இளந்தண்டுகள் அழியும்போது சராசரி விட்டம் உயரும், காடு செழிப்பதுபோல் தாள்மேல் தோன்றும். ஆகவே பரவற்படியையும் பருமன் வகுப்புப் பட்டியலையும் அருகருகே வைத்தே சராசரியைப் படிக்க வேண்டும்.

பயன்பாட்டில் இரண்டு குறிப்புகள். செ.மீ. இல் அளந்த விட்டத்தின் பரவற்படி சதுர செ.மீ. இல் வரும்; அதைப் பரப்பளவு என்று கொள்ளக்கூடாது. பருமன் வேறான இரு காடுகளை ஒப்பிடும்போது திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து, நூற்றால் பெருக்கி, மாறுபாட்டுக் கெழுவாக எழுதுவதே முறை. மேலே கண்ட தோட்டத்துக்கு அது 7 விழுக்காடு, காட்டுக்கு 82. இரண்டாவது, எல்லா மரங்களையும் அளக்காமல் மாதிரியாகச் சிலவற்றை மட்டும் அளந்து காடு முழுவதற்கும் மதிப்பிடுவோர், மர எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து அதனால் வகுப்பர். அவ்வாறு பெறுவதை மாதிரிப் பரவற்படி என்று வேறாகக் குறிப்பது நல்லது.