ஏரியின் அடியில் நாலு டிகிரி

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். டொராண்டோ நகரின் நிதி வட்டாரத்தில், பே தெருவுக்கு அருகே ஓர் அலுவலகக் கோபுரத்தில் அவருக்கு வேலை. அந்தக் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு அவ்வப்போது ஒரு செய்திமடல் வருமாம். லிஃப்ட் பழுதுபார்ப்பு, ரத்ததான முகாம், மதிய நேர இசை நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு நடுவே சுற்றுச்சூழல் பகுதியில் ஒரே ஒரு வரி இருந்திருக்கிறது: 'நம் கட்டடம் ஒன்டாரியோ ஏரியின் ஆழத்து நீரால் குளிர்விக்கப்படுகிறது.' அவர் இரண்டு கேள்விகள் கேட்கிறார். ஜூலை மாதத்தில் தெருவில் 33 டிகிரி கொளுத்தும்போது ஏரியின் அடியில் மட்டும் எப்படி 4 டிகிரி இருக்கிறது? இத்தனை கட்டடங்களின் வெப்பத்தையும் வாங்கிக்கொண்டால் ஏரி சூடாகிவிடாதா?

முதலில் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரையிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தொலைவில், 83 மீட்டர் ஆழத்திலிருந்து மூன்று பெரிய பாலிஎத்திலீன் குழாய்கள் நீரை எடுக்கின்றன. அது மாநகராட்சியின் குடிநீர். டொராண்டோ தீவில் உள்ள நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு ஜான் தெரு நீரேற்று நிலையத்துக்கு வருகிறது. அங்கே அடுக்கடுக்கான உலோகத் தகடுகளின் ஒருபுறம் குடிநீர் ஓடுகிறது. மறுபுறம் கட்டடங்களைச் சுற்றிவரும் வேறொரு நீர் ஓடுகிறது. இரண்டும் கலப்பதில்லை. வெப்பம் மட்டும் தகட்டைத் தாண்டுகிறது. கட்டடங்களின் நீர் குளிர்ந்து திரும்பிப் போகிறது. குடிநீர் சுமார் 12 டிகிரிக்கு ஏறி, வழக்கம்போல் வீட்டுக் குழாய்களுக்குப் போகிறது. 2004இல் என்வேவ் நிறுவனம் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் டொராண்டோ-டொமினியன் மையம், ஸ்கோஷியாபேங்க் அரங்கம் போன்ற பெரிய கட்டடங்கள் சேர்ந்திருக்கின்றன.

மின்சாரம் எங்கே மிச்சமாகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஒரு லிட்டர் நீர் 4 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு ஏறும்போது சுமார் 33 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. நம் வீட்டில் இருக்கும் ஒன்றரை டன் ஏசி ஒரு நொடிக்கு ஐந்தேகால் கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஆக, நிமிடத்துக்கு 10 லிட்டர் ஏரி நீர் ஒன்றரை டன் ஏசியின் வேலையைச் செய்துவிடும். ஒரு சாதாரணக் குழாயைத் திறந்தால் வரும் அளவுதான் அது. கம்ப்ரசர் வேண்டாம், நீரைத் தள்ளும் பம்புகளுக்கான மின்சாரம் போதும். கூரைமேல் நிற்கும் குளிர்விப்புக் கோபுரங்களில் ஆவியாகிப் போகும் நீரும் மிச்சம்.

இதற்கெல்லாம் அடிப்படை அந்த 4 டிகிரி. எனக்கு இந்தக் கட்டுரையை எழுதும் ஆசையே அதனால்தான் வந்தது.

குளிர்ந்தால் எந்தப் பொருளும் சுருங்கும், அடர்த்தி கூடும், அடியில் இறங்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நீரும் 4 டிகிரி வரை அப்படித்தான் நடந்துகொள்கிறது. அதற்குக் கீழே குளிர்வித்தால் மறுபடி விரியத் தொடங்குகிறது. ஹோப் என்ற எடின்பரோ வேதியியலாளர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை மிக எளிமையாகக் காட்டினார். பாடப்புத்தகத்தில் அந்தப் படம் பலருக்கு நினைவிருக்கும். உயரமான ஓர் உருளையில் நீர். மேலே ஒரு வெப்பமானி, கீழே ஒரு வெப்பமானி, உருளையின் இடுப்பில் உறைகலவை. முதலில் கீழ் வெப்பமானி மளமளவென்று இறங்கி 4 டிகிரியில் நின்றுவிடும். அதன் பிறகுதான் மேல் வெப்பமானி இறங்கத் தொடங்கி பூஜ்யம் வரை போகும். 4 டிகிரி நீர் அடியைப் பிடித்துக்கொண்டது. அதைவிடக் குளிர்ந்த நீர் எடை குறைந்து மேலே போய்விட்டது.

காரணம் மூலக்கூறுகளின் பிணைப்பில் இருக்கிறது. பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் நான்கு அண்டை மூலக்கூறுகளைப் பற்றியிருக்கிறது. கைகளை முழுவதும் நீட்டிக் கோத்துக்கொண்டு நிற்கும் கூட்டம், நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தைவிட அதிக இடம் எடுப்பது போல, பனிக்கட்டிக்குள் வெற்றிடம் அதிகம். உருகும்போது இந்தக் கட்டமைப்பு சரிகிறது, ஆனால் முழுவதுமாக அல்ல. பூஜ்யம் டிகிரி நீரிலும் அந்த அகன்ற அடுக்கின் சாயல் மிச்சமிருக்கிறது. சூடேற ஏற அது மேலும் சரிந்து நீரைச் சுருக்கப் பார்க்கிறது. கூடவே மூலக்கூறுகளின் துடிப்பும் அதிகரித்து நீரை விரிக்கப் பார்க்கிறது. 4 டிகிரிக்குக் கீழே சுருங்கும் போக்கு ஜெயிக்கிறது, மேலே விரியும் போக்கு ஜெயிக்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாக நிற்கும் புள்ளி 4 டிகிரி.

இப்போது ஏரிக்கு வருவோம். கோடையில் வெயில் மேற்பரப்பை 20 டிகிரிக்கும் மேல் சூடாக்குகிறது. 20 டிகிரி நீரில் ஆயிரம் லிட்டர், 4 டிகிரி நீரின் ஆயிரம் லிட்டரைவிட ஒன்றே முக்கால் கிலோ எடை குறைவு. அற்பமான வித்தியாசமாகத் தோன்றும். ஆனால் ஓர் ஏரி முழுவதையும் கலக்க வேண்டுமென்றால், எடை அதிகமான நீரைப் பல பத்து மீட்டர் மேலே தூக்கியாக வேண்டும். கோடைக்காற்றுக்கு அந்தத் திராணி கிடையாது. அது மேலடுக்கை மட்டும் கலக்கிவிட்டுப் போகிறது.

காற்றை விடுங்கள், வெப்பம் தானாகக் கீழே கடத்தப்படாதா? கடத்தப்படும், நம்பமுடியாத மெதுவாக. அசையாத நீரில் வெப்பம் ஒரு மீட்டர் பரவ ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். இப்படிப் போனால் 83 மீட்டர் இறங்க ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகும். ஒரு கோடைக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

அடியில் உள்ள குளிர் கோடையில் உருவானதல்ல, குளிர்காலத்தில் சேமிக்கப்பட்டது. இலையுதிர் காலத்தில் மேற்பரப்பு குளிர்ந்து அடர்த்தி கூடி இறங்குகிறது. அடியிலிருந்து நீர் மேலே வருகிறது. ஏரி முழுதும் புரள்கிறது. ஒன்டாரியோ ஏரி ஆழமானது. அதன் அதிகபட்ச ஆழம் 244 மீட்டர். அதனால் பெரும்பாலான ஆண்டுகளில் அது முழுதாக உறைவதில்லை. குளிர்காலக் காற்று கலக்கிக்கொண்டே இருப்பதால் மொத்த நீரும் 4 டிகிரிக்குக் கீழேகூடப் போவதுண்டு. பிறகு வசந்தம் வரும்போது நடப்பது எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

ஏப்ரலில் கரையோரத்து ஆழமற்ற நீர் சீக்கிரம் சூடாகிறது. அது 6 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடு ஏரி இன்னும் 2 டிகிரியில் இருக்கிறது. இரண்டின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றே, 4 டிகிரிக்கு இருபுறமும் சம தொலைவில் நிற்பதால். ஆகவே எதுவும் மற்றதன் அடியில் நுழைவதில்லை. ஆனால் அவை சந்திக்கும் எல்லையில் கலக்கின்றன. 6 டிகிரியும் 2 டிகிரியும் கலந்தால் 4 டிகிரி. பிறந்த நீர் தன் தாய் நீர் இரண்டையும்விடக் கனமானது! அது அந்த எல்லையிலேயே மூழ்குகிறது. கரைக்கு இணையாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்த்திரை ஏரியின் அடி வரை இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஏரியியலின் தந்தை எனப்படும் ஃபோரெல் ஜெனீவா ஏரியில் இதைக் கவனித்து, வெப்பத் தடுப்பு என்று பெயர் வைத்தார். ஒன்டாரியோ ஏரியில் இந்தத் திரை வாரக்கணக்கில் மெல்ல மெல்ல நடு ஏரியை நோக்கி நகர்ந்து, கோடைத் தொடக்கத்தில் மறைகிறது. அது கடந்துபோன இடமெல்லாம் அடியில் 4 டிகிரி நீர், மேலே சூடேறும் நீர். வாசகியின் அலுவலகத்தை ஜூலையில் குளிர்விப்பது இப்படி இறங்கிய நீர்தான்.

டொராண்டோக்காரர்கள் இந்த அடுக்கைத் தோலிலேயே உணர்ந்திருப்பார்கள். கோடையில் ஒரு நாள் நன்றாகக் குளிக்கலாம். மேற்கிலிருந்து காற்று பலமாக அடித்த மறுநாள் அதே கடற்கரையில் காலை வைக்க முடியாது. காற்று மேலடுக்கைக் கரையிலிருந்து ஒதுக்கிவிட, அடி நீர் மேலே வந்திருக்கும்.

உள்ளே வெற்றிடம் அதிகம் என்பதால் பனிக்கட்டி நீரைவிட அடர்த்தி குறைந்து மேலே மிதக்கிறது. மேலே மிதந்ததால்தான் அதை அறுத்து எடுக்க முடிந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஃபிரெடரிக் டூடர் என்ற பாஸ்டன் வணிகர் மாசசூசெட்ஸ் குளங்களின் பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். மதராஸ் கடற்கரையில் அதைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. ஏசிக்கு நாம் இன்னும் சொல்லும் 'டன்' என்ற அளவும் அந்தக் காலத்து மிச்சம்: ஒரு நாளில் ஒரு டன் பனிக்கட்டி உருகும்போது உறிஞ்சும் வெப்பம் அது.

ஏரி சூடாகுமா என்ற இரண்டாவது கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். தொடக்கத்தில் நிறுவிய அமைப்பின் திறன் சுமார் 200 மெகாவாட். அது 100 நாட்கள் இடைவிடாமல் முழுத் திறனில் ஓடி, அத்தனை வெப்பமும் நேராக ஏரிக்குள் போனதாகவே வைத்துக்கொள்வோம். ஒன்டாரியோ ஏரியில் 1,640 கன கிலோமீட்டர் நீர் இருக்கிறது. அதன் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரியில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு ஏறும். ஒரு குளிர்கால இரவு அதை அழித்துவிடும். நடைமுறையில் அந்த மூன்று குழாய்களின் நீர் நேராக ஏரிக்குத் திரும்புவதே இல்லை. எப்படியும் நகரம் குடிக்க எடுக்கும் நீர் அது.

ஆனாலும் இந்தக் கவலை வீணானதல்ல. நியூயார்க் மாநிலத்தில் கார்னெல் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு முதல் கயூகா ஏரியின் ஆழ நீரால் தன் வளாகத்தைக் குளிர்விக்கிறது. அங்கே நீர் ஏரிக்கே, ஆழமற்ற தென்முனைக்குத் திரும்புகிறது. ஆழத்திலிருந்து நீருடன் பாஸ்பரஸும் வருகிறது. வெளிச்சம் படும் இடத்தில் பாஸ்பரஸ் சேர்ந்தால் பாசி பெருகும் என்ற கவலை எழுந்தது. பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. எங்கே எடுக்கிறோம் என்பதைவிட எங்கே விடுகிறோம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

பாஸ்பரஸால் பாசி பெருகும் என்று எப்படித் தெரியும்? ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில் 58 சிறு ஏரிகளை ஆய்வுக்கென்றே 1968இல் ஒதுக்கினார்கள். அதில் ஓர் ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். அந்தப் பாதி பச்சையாக மாறியது. சோப்புத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கும் சட்டங்களுக்கு வலு சேர்த்த சோதனை அது. அந்த ஆய்வு நிலையத்துக்கான நிதியை நிறுத்துவதாக 2012இல் கனடிய மத்திய அரசு அறிவித்தது. விஞ்ஞானிகளும் மக்களும் போராடி, 2014இல் வேறொரு நிறுவனம் பொறுப்பேற்ற பிறகே அது பிழைத்தது. எனக்கு இதில் கடும் கோபம் உண்டு. ஏரியின் வெப்பநிலையைப் பல்லாண்டுகள் ஒரே இடத்தில் அளப்பது தலைப்புச் செய்தி ஆவதில்லை. திறப்பு விழாவும் கிடையாது. ஆனால் குளிர்காலம் குறுகி வரும் இந்த நாட்களில் அடியில் எத்தனை டிகிரி, எந்த மாதம் வரை என்று தெரியாமல் யாரும் கோடிக்கணக்கில் குழாய் போட முடியாது. அளப்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்காத அரசு பசுமைத் திட்டங்களைப் பற்றிப் பேசுவதை நான் மதிப்பதில்லை.

இது சென்னையில் நடக்குமா என்று அடுத்த கடிதம் வரும் என்று தெரியும். செம்பரம்பாக்கத்தில் நடக்காது. ஆழமும் இல்லை, குளிர்காலமும் இல்லை. சேமிக்கக் குளிரே கிடையாது. கடலில் குளிர் இருக்கிறது, ஆனால் அது வேறு வழியில் வந்தது. கடல்நீரின் உப்பு அந்த 4 டிகிரி விதியையே அழித்துவிடுகிறது. உறையும் வரை அது கனத்துக்கொண்டே போகும். துருவங்களை ஒட்டிய கடல்களில் மூழ்கிய நீர் உலகக் கடல்களின் அடியெங்கும் பரவிக் கிடக்கிறது. லட்சத்தீவின் கவரத்தியில், சென்னையைச் சேர்ந்த தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005 முதல் சுமார் 350 மீட்டர் ஆழத்து நீரை எடுத்து, அதன் குளிரால் நீராவியை மறுபடி நீராக்கி நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தயாரிக்கும் நிலையத்தை நடத்திக் காட்டியது. அங்கே கரையை விட்டதுமே கடல் செங்குத்தாக இறங்குகிறது, குழாய் சிறிதாகப் போதும். சென்னையில் கடலடி நெடுந்தூரம் ஆழமற்றே போகிறது. அதே நிறுவனம் 2007இல் இங்கே சோதித்தபோது, குளிர்ந்த நீர் கிடைக்கும் ஆழத்துக்காக, நிலையத்தைத் தாங்கிய மிதவையைக் கரையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி நிறுத்த வேண்டியிருந்தது. டொராண்டோவுக்கு 5 கிலோமீட்டர் குழாய் போதுமாக இருந்தது.