மீட்டரில் 12 வோல்ட் இருக்கிறது, வால்வுக்குப் போய்ச் சேரவில்லை

மச்சானின் கார் குளச்சலில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் ஓலைக் கொட்டகைக்குள் நிற்கும். ஜூலை மழையில் ஒரு காலை, திங்கள்சந்தை வழியாக நாகர்கோவிலுக்குக் கிளம்பியபோது செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. வண்டி ஓடியது, ஆனால் ஏற்றத்தில் இழுக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டியதும் பி0010 என்ற கோடு, அதாவது பிழைக் குறியீடு, வந்தது. வால்வு திறக்கும் நேரத்தை மாற்ற உதவும் மின்காந்தப் பாகமான வால்வு டைமிங் சோலனாய்டு போயிற்று என்று புதிதாக ஒன்றை மாட்டிக் கொடுத்தார்கள். விளக்கு அணைந்தது. இரண்டே வாரத்தில் மறுபடியும் எரிந்தது.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்சாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்சாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அது எந்த நொடியில் திறக்க வேண்டும் என்பது வேகத்துக்குத் தகுந்தபடி மாறும். ஐடிலில் ஒரு கணக்கு, ஏற்றத்தில் இழுக்கும்போது வேறு கணக்கு. அதனால் இன்றைய எஞ்சின்களில் கேம்சாஃப்ட்டின் முனையில் இருக்கும் பல்சக்கரத்துக்குள் சின்னச் சின்ன எண்ணெய் அறைகளை வைத்திருக்கிறார்கள். ஒரு பக்க அறைக்கு எண்ணெய் அழுத்தம் போனால் கேம் சில டிகிரி முன்னே திரும்பும், மறுபக்கம் போனால் பின்னே வரும். எந்தப் பக்கம் விடுவது என்று முடிவு செய்வதுதான் சோலனாய்டின் வேலை. செம்புக் கம்பிச் சுருள், அதற்குள் நகரும் ஓர் இரும்புத் தண்டு, அவ்வளவுதான். எஞ்சினின் கணினியான இசியு அந்தச் சுருளுக்குப் போகும் கரண்டை வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை விட்டு விட்டு நிறுத்துகிறது. விடும் நேரம் கூடினால் தண்டு அதிகம் நகரும்.

பி0010 என்ற கோடு ‘சோலனாய்டு கெட்டுவிட்டது’ என்று சொல்லவே இல்லை. ‘அந்தச் சோலனாய்டின் மின்சுற்றில் ஏதோ சரியில்லை’ என்று மட்டும் சொல்கிறது. ஃபியூஸ், ஒயர், ஒயரைச் சோலனாய்டோடு இணைக்கும் கப்ளர், சுருள், இசியு வரை திரும்பிப் போகும் ஒயர் எல்லாமே அந்தச் சுற்றில் அடக்கம். அடுத்த எண்ணான பி0011 வந்திருந்தால் கதையே வேறு. கேம் கேட்ட இடத்துக்கு வராமல் முன்னே போய் நிற்கிறது என்று அர்த்தம். அப்போது எண்ணெயின் அளவு, அழுக்கு, டைமிங் செயின் இவற்றைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் முறை வண்டியைத் தக்கலைப் பக்கம் ஒரு எலக்ட்ரீஷியனிடம் கொண்டு போனோம். அவர் முதலில் சுருளின் ஓம் அளவை, அதாவது மின்தடையை, பார்த்தார். 7.4 ஓம், சரியான அளவுதான். இதை எஞ்சின் ஆறியிருக்கும்போது அளப்பது நல்லது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 7.4 ஓம் காட்டும் சுருள் 100 டிகிரியில் 9.7 ஓம் காட்டும். அதைப் பார்த்து நல்ல சுருளைக் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடலாம்.

அப்புறம் கப்ளரைக் கழற்றி, சாவியைத் திருப்பி, சப்ளை முனையில் மீட்டரை வைத்தார். 12.4 வோல்ட்.

“கரண்ட் வருதே அண்ணே, பிறகென்ன?” என்றார் மச்சான்.

“மீட்டருக்கு வருது. வேலைக்கு வருதான்னு இனிமேதான் பாக்கணும்” என்று சொல்லிவிட்டு, 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எடுத்து அந்த முனைக்கும் எர்த்துக்கும் இடையில் கொடுத்தார். பல்பு சிவப்பாக மங்கி எரிந்தது. மீட்டர் 6 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது.

மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் பாசி அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழாய் வாயை விரலால் அழுத்திப் பிடித்தால் தொட்டியின் முழு அழுத்தமும் விரலில் தெரியும். விரலை எடுத்தால் நூலாகத்தான் ஒழுகும். மல்டிமீட்டர் அந்த விரல் மாதிரி. அதன் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். அது இழுக்கும் கரண்ட் ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். ஒயரில் ஏறக்குறைய 5 ஓம் அடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அவ்வளவு சின்னக் கரண்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, 12 வோல்ட்டும் அப்படியே தெரியும். பல்பு கேட்பதோ ஒன்றே முக்கால் ஆம்பியர். சோலனாய்டு கேட்பதும் கிட்டத்தட்ட அதே அளவு. அதனால்தான் அந்தப் பல்பு இந்தச் சோதனைக்கு இவ்வளவு பொருத்தம். இதைச் சப்ளை ஒயரில் மட்டும் செய்ய வேண்டும், இசியு பக்கம் போகும் ஒயரில் பல்பைக் கொடுத்தால் இசியு பாழாகலாம்.

கணக்கைப் பாருங்கள். 7.4 ஓம் சுருளோடு 5 ஓம் அடைப்பும் சேர்ந்தால் 1.7 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 1 ஆம்பியர்தான் ஓடும். காந்தத்தின் இழுவை ஏறக்குறைய கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். எதிர்பார்த்த கரண்ட் ஓடவில்லை என்று கண்ட இசியு பி0010 கோடைப் பதிந்துவிட்டு, டைமிங் மாற்றுவதையே நிறுத்திவிடும். ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் போனது அதனால்தான்.

அடைப்பு எங்கே? கப்ளருக்குள், சோலனாய்டின் பின் நுழையும் பெண் முனையில் பச்சையாகக் களிம்பு. செம்புக் குடத்தில் புளி போட்டுத் தேய்த்து எடுப்போமே, அதே களிம்பு. நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலோரத்தில் மழை நேரடியாகப் படாத கப்ளருக்குள்ளும் உப்புநீர் உருவாவது இப்படித்தான். அது ஒயரின் இழைகளுக்கிடையே, திரியில் எண்ணெய் ஏறுவது போல, உறைக்குள்ளேயே ஏறிப்போகும். ஒயரை ஊசியால் குத்திச் சோதிக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காததற்கும் இதுவே காரணம். அந்த ஓட்டை போதும், உப்பு உள்ளே போக.

புதுச் சோலனாய்டு மாட்டியதும் விளக்கு அணைந்ததற்குக் காரணமும் இப்போது விளங்கியது. அதன் பளபளப்பான பின்கள் உள்ளே நுழையும்போது களிம்பைக் கொஞ்சம் சுரண்டி வழி விட்டிருக்கின்றன. அந்த வழி இரண்டு வாரத்தில் மூடிக்கொண்டது.

ஒயரின் உறையைச் சீவச் சீவ இழைகள் கறுப்பாகவே வந்தன. நான்கு விரற்கடை தாண்டிய பிறகுதான் செம்பு நிறம் தெரிந்தது. அங்கே வெட்டி, புது ஒயர்த் துண்டு சேர்த்து, புது முனையும் ரப்பர் சீலும் போட்டு, கப்ளருக்கான கிரீஸ் தடவினார். திரும்ப பல்பைக் கொடுத்தபோது பளிச்சென்று எரிந்தது, மீட்டரில் 12.2.

முதலில் கழற்றிய பழைய சோலனாய்டு டிக்கியிலேயே கிடந்தது. அதையும் எடுத்து பேட்டரியில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தார். ‘டிக்’ என்று சுத்தமாக அடித்தது.