ஏரி நிரம்பின மறுநாளும் தண்ணீர் லாரி ஏன் வருகிறது?

புயல் கரையைக் கடந்த நாலாம் நாள், சென்னை பல்லாவரம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கிணறு பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். தெருவில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர் வடியாமல் கிடக்கிறது, அதைக் கிழித்துக்கொண்டு ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்து நிற்கிறது. சங்கத்துச் செயலாளர் அம்மா என்னைப் பார்த்ததும் கேட்டார், "செம்பரம்பாக்கம் ஏரி ஃபுல்லுன்னு காலையில இருந்து டிவியில காட்டுறாங்களே சார், நாங்க மட்டும் ஏன் இன்னும் லாரிக்குக் காசு கொடுக்கிறோம்?"

நிலத்தடி நீர், மழைநீர் சேகரிப்பு என்று இருபது வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன். ஒவ்வொரு வறட்சிக்கும் பிறகு பெரிய மழை பெய்கிறபோது இதே கேள்வி வருகிறது. நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஏரிக் கணக்கு. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஒரு மில்லியன் கன அடி என்றால் ஏறக்குறைய 2 கோடியே 83 லட்சம் லிட்டர். சென்னைக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால் தினமும் 35 மில்லியன் கன அடி போகும், அதாவது ததும்பி நிற்கிற செம்பரம்பாக்கம் மொத்தமும் ஊருக்கு நூறு நாள் சொச்சம்தான் வரும். பூண்டி, சோழவரம், புழல், தேர்வாய்க் கண்டிகை, வீராணம் எல்லாவற்றையும் சேர்த்தால் 13,222 மில்லியன் கன அடி. இந்த ஆறு ஏரிகளும் ஒரே நேரத்தில் நிரம்பி, ஒரு சொட்டும் ஆவியாகாமல், அடியில் சேறாக நிற்கிற தண்ணீர் வரை எடுக்க முடிந்தால்கூட ஒரு வருஷத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மே மாத வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து தினம் அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆவியாகிப் போகும். ஆகவே ஏரி நிரம்பியது என்றால் அடுத்த மழைக்காலம் வரைக்கும் தாக்குப்பிடிக்க ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நிரம்பினால்தானே அதுவும்? புயல் வந்தாலே ஏரி நிரம்பிவிடும் என்று நினைக்கிறோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது, ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன, பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆனால் அந்த வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்குச் சராசரியைவிட 62 சதவீதம் குறைவு. அடுத்த கோடையிலேயே சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிக் கிடந்த தண்ணீரைச் சுத்திகரித்து ஊருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. புயல் தந்த ஒருநாள் மழை எங்கே போனது?

பெரும்பகுதி கடலுக்குத்தான் போனது. நுங்கம்பாக்கத்தில் பெய்கிற மழை பூண்டிக்குப் போகாது, அது கூவம், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போய்விடும். பூண்டிக்குத் தண்ணீர் வர வேண்டுமானால் கொசஸ்தலை ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில், மேற்கே திருவள்ளூர், ராணிப்பேட்டைப் பக்கம் மழை பெய்ய வேண்டும். அங்கே பெய்தாலும் உடனே வந்துவிடாது. வறட்சியில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கிற ஏரிப்படுகை முதலில் தான் குடிக்கும். அப்புறம் வழியில் இருக்கிற ஊர் ஏரிகள் ஒவ்வொன்றும் நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால்தான் அடுத்த ஏரிக்குத் தண்ணீர். வரத்துக்கால்வாயில் மண் மேடிட்டோ வீடு எழும்பியோ இருந்தால் அந்த வரிசை அங்கேயே அறுந்துபோகும். வறட்சிக்குப் பிறகு வருகிற முதல் பெருமழை பாதி ஏரிக்குக்கூடப் போதாமல் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதற்கு நேர்மாறானது 2015. நவம்பர் மழையிலேயே மண் ஊறி, மேலே இருந்த ஏரிகளெல்லாம் நிரம்பி நின்றன. டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிய ஒரே நாள் மழை தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள், அடையாறு ஊருக்குள் புகுந்து உயிர்களையும் கொண்டுபோனது. அந்த வேகத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் 2,500 மில்லியன் கன அடி போகும், ஏரியின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். அப்படி நிரம்பி வழிந்த ஊரில்தான் மூன்றரை வருஷம் கழித்து, 2019 ஜூனில், ஏரிகள் தரை தெரிய வறண்டன, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீரை வைத்துக்கொள்ள நம்மிடம் இடம் இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். செம்பரம்பாக்கத்தின் உயரம் 24 அடி. 22 அடியை நெருங்கியதுமே உபரி நீரைத் திறப்பதைப் பார்த்து, "குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல இப்படி வீணாக்குறாங்களே" என்று ஆட்கள் கொதிக்கிறார்கள். அந்த மேல் 2 அடியில் மட்டும் 500 மில்லியன் கன அடிக்கு மேல் நிற்கும், ஊருக்குப் பதினைந்து நாள் தண்ணீர், அதனால் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த 2 அடியைக் காலியாக வைத்திருப்பதுதான் ராத்திரியில் திடீரென்று வருகிற வெள்ளத்தை வாங்கிக்கொள்ள இருக்கிற இடம். மழைக்காலத்தின் நடுவில், இன்னும் எத்தனை புயல் பாக்கி என்று யாருக்கும் தெரியாத நேரத்தில், மதகருகே நின்று இதை முடிவு செய்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதைதான் உண்டு. டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்த பிறகும் ஏரி குறைவாக இருந்தால் மட்டும் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும்.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். ஏரியில் தண்ணீர் இருந்தும் குழாயில் வராததற்குப் புயலே காரணமாகிவிடுகிறது. மின்சாரம் இல்லையென்றால் நீரேற்று நிலையம் ஓடாது, உங்கள் வீட்டு மோட்டாரும் ஓடாது. புதுவெள்ளம் செந்நிறமாகக் கலங்கி வரும்போது சுத்திகரிப்பு நிலையத்தில் வழக்கமான வேகத்தில் வடிகட்ட முடியாது. அந்தக் குடியிருப்பின் சம்பை, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தேன், மூடி விளிம்பு வரைக்கும் தெருத்தண்ணீர் ஏறிய கறை, உள்ளே மேலாக எண்ணெய்ப் படலம், சாக்கடை நாற்றம். இப்படி ஆனால் தயவுசெய்து மேலோட்டமாக மருந்து போட்டுவிட்டுப் பயன்படுத்தாதீர்கள். முழுக்க இறைத்துவிடுங்கள், சுவரையும் தரையையும் தேய்த்துக் கழுவுங்கள், ஆள் இறங்குவதற்கு முன் மூடியைத் திறந்துவைத்து நன்றாகக் காற்றோட்டம் கொடுங்கள், மேலே ஒருவர் கட்டாயம் நிற்கட்டும். நல்ல தண்ணீர் நிரப்பிய பிறகு 1,000 லிட்டருக்கு 4 கிராம் புது பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அரைமணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்கிறதைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். போர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுக் குழாயின் மூடி வெள்ளத்தில் முழுகியிருந்தாலும் இதே எச்சரிக்கைதான், சோதனை செய்யாமல் வாயில் வைக்காதீர்கள்.

அப்புறம் அவர்களுடைய மழைநீர் சேகரிப்புக் குழியைப் பார்த்தேன். 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியபோது கட்டியது. கான்கிரீட் மூடியைக் கடப்பாறையால் நெம்பித் தூக்கினால், கூழாங்கல்லே தெரியவில்லை, வேப்பிலைச் சருகும் பால் பாக்கெட்டும் சேறும் கெட்டியாக ஒரு சாண் உயரத்துக்குப் படிந்திருந்தது. நாலு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு கடிகாரம் பார்த்தேன். இருபது நிமிஷத்துக்குப் பிறகும் ஊற்றினது அப்படியே நின்றது. ஆக, நாலு நாள் பெய்த மழையில் ஒரு சொட்டும் அவர்கள் மண்ணுக்குள் போகவில்லை. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மொட்டைமாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 22,000 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு பெரிய லாரி. அவர்களுடையது நாலு கிரவுண்டு. எட்டு லாரித் தண்ணீர் மாடியிலிருந்து இறங்கி வாசலைத் தாண்டி, அவர்கள் கணுக்கால் நனைய நின்றுகொண்டிருந்த அதே தெருவுக்குத்தான் போயிருக்கிறது.

பல்லாவரம் பக்கம் கொஞ்ச ஆழத்திலேயே பாறை. ஆழ்துளைக் கிணறு அங்கே வெடிப்பில் கிடைக்கிற தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது, கோடையில் முதலில் கைவிடுவதும் அதுதான். மழைத் தண்ணீரை மேல்மண்ணிலும் சிதைந்த பாறையிலும் இறக்க நல்ல வழி பழைய திறந்த கிணறு. இவர்களிடம் ஒன்று இருந்தது, பின்பக்கம் பைக் நிறுத்துகிற இடத்தில் கடப்பைக் கல் போட்டு மூடி, எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள். மாடிக் குழாய்களை ஒரு சின்ன வடிகட்டித் தொட்டி வழியாக அந்தக் கிணற்றில் விடச் சொன்னேன். முதல் மழையை வெளியே திருப்ப ஒரு வால்வு. தெருத் தண்ணீரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கிணற்றிலோ போரிலோ விடக் கூடாது, சாக்கடை கலந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீரும் சேர்ந்து கெடும்.

அன்றைக்கு அந்தக் கிணற்றில் டேப் விட்டு அளந்தபோது தண்ணீர் 31 அடி ஆழத்தில் இருந்தது. வேலை முடிந்து இரண்டு மழைக்குப் பிறகு 19 அடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அம்மாவே டேப் விட்டு அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், மார்ச் முதல் வாரம் 24 அடி. லாரி முழுக்க நிற்கவில்லை, வாரம் ஐந்து வந்துகொண்டிருந்தது இப்போது இரண்டு வருகிறதாம்.