மருந்து ஸ்டென்ட் வைத்தாச்சு, ஸ்ப்ரே எதற்கு?

சைனஸ் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதம் எட்டிப் பார்க்காத ஒருவர், மறுபடி மூக்கடைத்த பிறகு வந்தார். எண்டோஸ்கோப்பில் பார்த்தால் நடு டர்பினேட் (மூக்கினுள் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு மடிப்பு) பக்கச் சுவரோடு ஒட்டிக்கிடக்கிறது, திறந்துவிட்ட வழி தழும்பேறிப் பாதி மூடியிருக்கிறது. "உள்ளேயே மருந்து வைத்தாச்சே டாக்டர், அப்புறம் ஸ்ப்ரே எதற்கு?" என்கிறார்.

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஸ்டென்ட் என்று நாங்கள் உள்ளே வைப்பது, அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு பூசிய, தானாகக் கரையும் ஒரு சின்ன வலை. அமெரிக்காவில் 2011-இல் அனுமதி பெற்ற ப்ரொபெல் என்ற ஸ்டென்டில் இருப்பது மோமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, 370 மைக்ரோகிராம். சுமார் 30 நாளில் அது தீர்ந்துவிடும். புண் ஆறும்வரை வழி ஒட்டாமல் காப்பதுதான் அதன் வேலை. நாள்பட்ட சைனஸோ 12 வாரத்தைத் தாண்டியும் அடங்காத அழற்சி. பாலிப் (மூக்கினுள் வளரும் சதை) வளரும் தன்மையும் ஆஸ்துமாவும் வலையோடு சேர்ந்து கரைவதில்லை. அதன்பின் மருந்தைக் கொண்டுபோவது ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான். முன்பு எட்டாத அறைகளுக்கு உப்புநீரும் ஸ்ப்ரேயும் போய்ச் சேரத்தானே அறுவை சிகிச்சையே செய்தோம்!

ஸ்டென்ட் வைத்தவர்கள் பிற்பாடு மருத்துவரிடம் போவது குறைகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அதைப் படித்துவிட்டு, முதல் வாரங்களில் பொருக்கை எடுக்கக் கூப்பிடும் நாளில் வராமல் இருந்துவிடாதீர்கள். உள்ளே எப்படி ஆறுகிறது என்பது வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

மூக்கு கழுவக் குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. கொதித்து ஆறிய நீர் அல்லது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். அந்தத் தண்ணீரில் இருக்கக்கூடிய நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் பிழைப்பவர் மிகச் சிலரே. ஸ்ப்ரேயை மூக்கின் நடுச்சுவரில் அடிக்காதீர்கள், ரத்தம்தான் வரும். தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், காதுப் பக்கமாகச் சாய்த்து அடியுங்கள். தும்மும்போது வலையின் துணுக்கு வந்தால் பயப்பட வேண்டாம். மீதியை நீங்களே பிடித்து இழுக்காமல் எங்களிடம் சொல்லுங்கள்.

பார்வை மங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ, கண் வீங்கினாலோ, குனிந்தால் மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினாலோ, காய்ச்சலோடு கடும் தலைவலி வந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ, அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், தயவுசெய்து.