வேம்பும் கண்டலும் கம்பியைக் காக்குமா?

குருநகர், பாசையூர், பருத்தித்துறை எனக் கடற்கரையை நெருங்க நெருங்க, வீடுகளின் சன்சேட் விளிம்புகளில் செம்பழுப்புக் கறை தெரியத் தொடங்குகிறது. பின்னர் அந்த இடத்தில் கொங்கிறீற் வெடித்து உதிர, துருவேறிய கம்பி வெளியே வருகிறது. சுண்ணாம்புக் கல்லாலும் பவளக் கல்லாலும் எழுந்த யாழ்ப்பாணக் கோட்டையின் பழைய மதில்களுக்கு இந்த நோய் இல்லை, ஏனெனில் அவற்றுக்குள் கம்பி இல்லை.

நல்ல கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி இயல்பாகத் துருப்பிடிக்காது. சீமெந்து நீருடன் வினைபுரியும்போது உருவாகும் காரத்தன்மை மிகக் கடுமையானது. அதன் பிஎச் அளவு 12.5 முதல் 13.5 வரை இருக்கும். அந்தச் சூழலில், சில நனோமீற்றர் தடிப்பே உள்ள ஓர் ஒட்சைட்டுப் படலம் இரும்பின்மேல் படிந்து அதைக் காக்கிறது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மெல்ல உட்புகுந்து இந்தக் காரத்தைக் குறைக்கக்கூடும். ஆனால் நம் குடாநாட்டில் பெரிய பகை உப்புத்தான். கடற்காற்று, உவர்க் கிணற்று நீர், கழுவாத கடல் மணல் எனப் பல வழிகளில் உப்பிலுள்ள குளோரைட்டு உள்ளே வருகிறது.

குளோரைட்டின் தந்திரம் கொடியது. படலத்தை ஒரு புள்ளியில் துளைத்து, அங்கே இரும்புடன் சேர்ந்து, நீர்பட்டதும் பிரிந்து அமிலத்தை உண்டாக்கிவிட்டு, மீண்டும் விடுதலையாகி அதே வேலையைத் தொடர்கிறது. அது செலவாவதே இல்லை. உண்டாகும் துரு, கரைந்த இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கிறது. இழுவிசையைத் தாங்காத கொங்கிறீற் பிளந்துவிடுகிறது.

இதைத் தடுக்க 1970களிலிருந்து கல்சியம் நைத்திரைற்று கலக்கப்பட்டு வருகிறது. படலம் கிழிந்த இடத்தில் இரும்பை ஒட்சியேற்றி, அது மறுபடி படலத்தை மூடச் செய்கிறது. ஆனால் உப்பின் அளவுக்கு ஏற்பப் போதுமானதாக இல்லாவிட்டால் அரிப்பு ஒருசில குழிகளில் குவிந்து மோசமாகும். கல்சியம் நைத்திரைற்று நச்சுப் பொருளும்கூட.

ஆய்வாளர்கள் வேம்பு, முருங்கை, தேயிலை, கண்டல் பட்டை பக்கம் திரும்பியது இதனால்தான். இவற்றின் சாற்றிலுள்ள மூலக்கூறுகளில் நைதரசன், ஒட்சிசன் அணுக்களும் தட்டையான வளையங்களும் உண்டு. அவை தம் இலத்திரன்களைப் பகிர்ந்து இரும்பின்மேல் ஒட்டிக்கொண்டு, நீரும் குளோரைட்டும் நெருங்காமல் மறைக்கின்றன. இவற்றில் துவர்ப்பைத் தரும் தனின் என்ற பொருள் இன்னும் ஒரு படி மேலே சென்று, இரும்புடன் பிணைந்து நீலக்கருமையான சேர்மமாகிறது. கடுக்காய் மை கறுத்ததும் இதே வினையால்தான்.

எனினும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தாவரச் சாறு தொண்ணூறு வீதம் அரிப்பைத் தடுத்ததாக வாசிக்கும்போது, எந்தத் திரவத்தில் சோதித்தார்கள் என்று முதலில் பாருங்கள். மிகப் பெரும்பாலும் அது ஐதரோகுளோரிக் அமிலமாக இருக்கும். அமிலத்தில் இரும்பு வெறும் மேனியுடன் நிற்கிறது. கொங்கிறீற்றுக்குள் ஒட்சைட்டுப் போர்வையுடன் நிற்கிறது. ஒட்டும் விதமே வேறு. கடுக்காய்த் தனின் போன்றவை காரத்தில் உடைந்தும் போகின்றன. கண்டல் தனின் அப்படி உடையாவிட்டாலும், பல வருடங்கள் தாக்குப்பிடிக்குமா என்பதைக் கம்பி பதித்த கொங்கிறீற் துண்டுகளை உப்பு நீரில் நீண்டகாலம் நனைத்தும் உலர்த்தியும்தான் அறியலாம்.

சாற்றிலுள்ள சர்க்கரை இன்னொரு சிக்கல். சீமெந்தின் எடையில் நூற்றில் ஒரு பங்கைவிட மிகக் குறைந்த சீனியே அது இறுகுவதைப் பலமணி நேரம் தாமதிக்கும். சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் பனங்கட்டியும் கலந்த முன்னோரின் முறை சுண்ணாம்புக்கு உரியது. அதை நம்பிச் சீமெந்துக் கலவையில் வேப்பிலைக் கசாயம் ஊற்றவேண்டாம்.

இன்று வீடு கட்டுபவர் நன்னீரில் குழைத்து, மணலைக் கழுவி, தண்ணீரைக் குறைத்து, கம்பிக்கு வெளியே 40 முதல் 50 மில்லிமீற்றர் கொங்கிறீற் மூடியிருக்கக் கட்டை வைக்கும்படி மேசனிடம் கேட்கவேண்டும். ஆய்வுகூடங்கள் கண்டல் மரத்தின் பட்டையை உரிப்பதைவிட, மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகள் ஒதுக்கும் கழிவுத் தூளிலிருந்து தொடங்கலாம். தனின் அடங்கும் பொலிபீனோல் வகைப் பொருட்கள் அதிலும் இருக்கின்றன.