வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவருக்கும் நல வாரிய அட்டை உண்டு, ஆனால் அலைய விடுவார்கள்

நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் தேயிலை எஸ்டேட் வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. முழங்கால் தேய்ந்துவிட்டது, மாமியார் படுக்கையில், பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யானைக்குப் பயந்து அந்த ரோட்டில் யாரும் தனியாக நடப்பதில்லை, அதனால் டவுனில் கடை வேலைக்குப் போவதும் சரிப்படவில்லை. வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை என்று வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை நம்பிப் பதிவுக் கட்டணம் 1,850 ரூபாய் கட்டினார். டைப் அடிக்கச் சொல்லி ஏதோ அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து, பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், 6,000 ரூபாய் கட்டாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று போனில் மிரட்டல். அழுதுகொண்டு வந்தவரிடம், இப்போது கைச்செலவுக்கு என்னக்கா செய்கிறீர்கள் என்று கேட்டேன். "வேலைன்னு ஒண்ணும் இல்லப்பா, கூடலூர் கடைக்காரர் வெட்டின துணி குடுத்து விடுவாரு, நைட்டி தைச்சுக் குடுப்பேன், உருப்படிக்கு இவ்வளவுன்னு" என்றார்.

இரண்டு வருடமாகத் தைக்கிறார். அதை வேலை என்று அவருக்கு யாரும் சொல்லவே இல்லை.

சட்டம் சொல்கிறது. 2008-ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்று தனியாகவே குறிப்பிட்டிருந்தார்கள். வேலை கொடுப்பவரின் இடத்துக்குப் போகாமல் தன் வீட்டிலோ தனக்கு வசதியான வேறு இடத்திலோ இருந்து கூலிக்குப் பொருள் செய்து கொடுப்பவர். துணி யாருடையது, மெஷின் யாருடையது என்பது கணக்கே இல்லை. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த விளக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் தொழில் வாரியாக நல வாரியங்கள் உண்டு, தையலுக்கு ஒன்று, கைவினைக்கு ஒன்று என்று. 18 முதல் 60 வயது வரை பதியலாம், பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், பிரசவம், கண்ணாடி, விபத்து, இறப்பு, 60 முடிந்தால் மாத ஓய்வூதியம், இதற்கெல்லாம் உதவி உண்டு. பின்னணி இவ்வளவு போதும். எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்பதுதான் முக்கியம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பலர் என்னிடம் வந்து, அட்டை ஏற்கெனவே இருக்கிறதே என்று காட்டுவது இ-ஷ்ரம் அட்டை. அது மத்திய அரசுடையது, 2021 ஆகஸ்டில் தொடங்கியது, நீங்கள் ஒரு அமைப்புசாராத் தொழிலாளி என்று டெல்லியில் ஒரு பட்டியலில் பெயர் ஏறியதற்கான சீட்டு. அதை வைத்துக்கொண்டு மகளின் படிப்புக்கு உதவி கேட்டால் தொழிலாளர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் அந்த உதவியைத் தருவது மாநில நல வாரியம், அதற்குத் தனிப் பதிவு. இரண்டும் எடுத்து வையுங்கள், இரண்டும் இலவசம். இ-ஷ்ரம் எடுத்தால் விபத்துக்கு 2 லட்சம் வரும் என்று கம்ப்யூட்டர் சென்டரில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சலுகை 2022 மார்ச் 31-க்குள் பதிந்தவர்களுக்கென்று அறிவித்தது. விபத்துக் காப்பீடு வேண்டுமென்றால் உங்கள் பேங்கில் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவுக்கு ஒரு படிவம் கொடுங்கள், வருடத்துக்கு 20 ரூபாய்தான் பிடிப்பார்கள், 2 லட்சம் வரை உண்டு.

இப்போது நம் மலையில் எல்லோரையும் காலை வாரி விடும் விஷயத்துக்கு வருகிறேன்: பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி. சம்பளத்தில் பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்களுக்கு இ-ஷ்ரமும் இல்லை, நல வாரியமும் இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீலகிரியில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் எத்தனை பேர் எஸ்டேட்டில் பேர் போட்டு வேலை செய்யாதவர்கள்? குறிப்பாக இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில், கூடலூர், பந்தலூர், கோத்தகிரி என்று எங்கே போனாலும் பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறை கொழுந்து பறித்திருப்பார்கள். வேலையை விட்டு வருடங்கள் ஆகியிருக்கும், ஆனால் எஸ்டேட் ஆபீஸில் வேலையை விட்ட தேதியைப் பிஎஃப் கணக்கில் ஏற்றியே இருக்க மாட்டார்கள். கணினியில் பார்த்தால் நீங்கள் இன்னும் எஸ்டேட் தொழிலாளி. நீங்கள் பிஎஃப் உறுப்பினர், தகுதி இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஏன், எப்படிச் சரி செய்வது என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

சரி செய்யும் வழி இருக்கிறது. உங்கள் பிஎஃப் அடையாள எண்ணை, அதாவது யுஏஎன் எண்ணைக் கண்டுபிடியுங்கள், பழைய சம்பளச் சீட்டில் இருக்கும். ஆதாரோடு அது இணைந்திருந்தால், கடைசிப் பிடித்தம் முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு, வேலையை விட்ட தேதியை நீங்களே பிஎஃப் இணையதளத்தில் பதியலாம். எஸ்டேட் ரைட்டரைக் கெஞ்ச வேண்டிய அவசியமே இல்லை. இதைத் தெரியாமல் எஸ்டேட் ஆபீஸுக்கு எட்டு தடவை நடந்தவர்களை எனக்குத் தெரியும், ஒவ்வொரு தடவையும் அரை நாள் போச்சு.

இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். பிஎஃப் கணக்கு இருந்தால் அட்டை வராது, முழுப் பணத்தையும் எடுத்துவிடுங்கள், நான் செய்து தருகிறேன், இத்தனை பர்சென்ட் கொடுங்கள் என்று புரோக்கர் சொல்வான். தேதியைப் பதிவதும் பணத்தை எடுப்பதும் வேறு வேறு. பத்து வருடம் முடித்திருந்தால் 58 வயதில் உங்களுக்கு பிஎஃப் பென்ஷன் உண்டு. பத்து வருடம் ஆகாதவர்களுக்கும் அந்தச் சர்வீஸைக் காப்பாற்றி வைக்கும் ஒரு சான்றிதழ் இருக்கிறது, ஸ்கீம் சர்டிபிகேட் என்று கேளுங்கள். ஒரு அட்டைக்காக அந்தப் பென்ஷனைக் கலைத்துவிடாதீர்கள்.

அடுத்தது பணிச் சான்று. நான் இந்தத் தொழில்தான் செய்கிறேன் என்பதற்கு யாராவது கையெழுத்துப் போட வேண்டும். கடைக்காரர் போட மாட்டார், போட்டால் தனக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயம். அப்புறம் விஏஓ. "வீட்ல உக்காந்து தைக்கிறதுக்கு நான் என்னத்தம்மா சர்டிபிகேட் குடுக்கிறது, கடையில வேலை செஞ்சா கடைக்காரர்கிட்ட வாங்கிட்டு வா" என்பார். கடைக்காரர் விஏஓவைக் கை காட்டுவார், விஏஓ கடைக்காரரைக் கை காட்டுவார், நடுவில் நீங்கள் மழையில் குடையோடு நிற்பீர்கள். அந்த அக்காவையும் மூன்று வாரம் இப்படித்தான் அலைய விட்டார்கள்.

கடைசியில் காப்பாற்றியது ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் தடவை திருப்பி அனுப்பியதும் நான் சொன்னபடி எழுத ஆரம்பித்திருந்தார். தேதி, எத்தனை உருப்படி வந்தது, எத்தனை திருப்பிக் கொடுத்தது, உருப்படிக்கு என்ன ரேட், கையில் எவ்வளவு வந்தது. துணி கொண்டுவரும் பையன் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கையெழுத்து, சில இடத்தில் வெறும் கிறுக்கல்தான். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அந்த வாரம் தைத்த துணியின் ஒரு துண்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். விஏஓ அதைப் புரட்டிப் பார்த்தார், அதற்கு மேல் பேசவில்லை, கையெழுத்துப் போட்டார். அதனால் நைட்டியோ ஸ்வெட்டரோ சாக்லேட் காகிதம் சுற்றுவதோ, வீட்டில் எதைக் கூலிக்குச் செய்தாலும் இன்றே ஒரு நோட்டு போடுங்கள். ஜிபேயில் பணம் வந்தால் அதை அழிக்காதீர்கள், அதுவும் சாட்சி. விஏஓ மறுத்தால் பதிவு பெற்ற தொழிற்சங்கத்திடம் பணிச் சான்று வாங்கும் வழியும் உண்டு. ஆனால் சந்தா என்று எவ்வளவு, எதற்கு என்று கேட்டு ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில். அங்கே ஒரு குழி. எந்த வாரியம் என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும், அதில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் என்று ஒன்று இருக்கும். வீட்டிலிருந்துதானே வேலை செய்கிறோம் என்று அதை அழுத்திவிடுவார்கள், கம்ப்யூட்டர் சென்டர் பையனும் யோசிக்காமல் அழுத்திவிடுவான். அது அடுத்தவர் வீட்டில் சமையல், துப்புரவு செய்பவர்களுக்கானது. தையல்காரர் அதில் பதிந்துவிட்டு, நாளைக்கு விசாரணையில் நான் தைக்கிறேன் என்று உண்மையைச் சொன்னால் சிக்கல்தான். பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து, சமர்ப்பிக்கும் முன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

பெயரும் அப்படித்தான். ஆதாரில் கணவர் பெயர் இனிஷியல், ரேஷன் கார்டில் அப்பா பெயர் இனிஷியல், எஸ்டேட் பதிவில் முற்றிலும் வேறு எழுத்து. முதலில் ஆதாரைச் சரி செய்து, மற்றதை அதற்கு ஏற்றபடி மாற்றுங்கள். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடிபி மூத்த மகனின் திருப்பூர் நம்பருக்குப் போய், அவன் ஷிப்டில் போனை எடுக்காமல், பந்தலூரிலிருந்து வந்தவர் வேலை முடியாமல் திரும்பிப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்களுடையது இல்லாத கம்ப்யூட்டர் சென்டர் நம்பரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், புதுப்பிக்கும்போது அந்த சென்டரே இருக்காது.

புதுப்பித்தல் என்றேன், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. யாரும் உங்களுக்கு ஞாபகப்படுத்த மாட்டார்கள். காலாவதியான அட்டையோடு உதவி கேட்டுப் போனால் அதுதான் முதல் கேள்வியாக வரும், ஒரு குடும்பத்தில் சாவு விழுந்த வாரத்தில் இப்படிக் கேட்டு அனுப்பியதை நான் மறக்கவில்லை. அட்டையின் பின்னால் தேதியைப் பெரிதாக மார்க்கரில் எழுதி ஒட்டுங்கள். 58, 59 வயதில் இருப்பவர்கள் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள், 60 தாண்டினால் பதிவே இல்லை.

எங்கே போனாலும் மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். வாயால் இல்லை என்று சொன்னால், அதை எழுதித் தாருங்கள் என்று அமைதியாகக் கேளுங்கள், பாதிப் பேர் அப்போதே வேலையைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அப்படியும் நகரவில்லை என்றால் திங்கள்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள் கூட்டத்தில் மனு கொடுங்கள். கூடலூரிலிருந்தே போக ஐம்பது கிலோமீட்டர், பந்தலூர்க்காரருக்கு இன்னும் அதிகம், ஒரு நாள் கூலி போகும் என்று தெரியும். அதனால் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், போட்டோ, பணிச் சான்று, பழைய ஒப்புகைகள் எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்து ஒரே பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

இன்னும் வேலையே கிடைக்காமல் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்திலும் மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும் பதிவு இலவசம். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் தையல் மாதிரியான பயிற்சிகள் சாப்பாட்டோடு இலவசம். வர்க்கி, ஊறுகாய், சாக்லேட் என்று வீட்டில் செய்து விற்க நினைத்தால், விற்பனை சிறிய அளவில் இருக்கும் வரை உணவுப் பாதுகாப்புத் துறையில் சாதாரணப் பதிவு போதும், வருடத்துக்கு 100 ரூபாய். இதற்குப் புரோக்கர்கள் 2,500 கேட்கிறார்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்கு ஒரு பைசா கிடையாது, ஆனால் தேடினால் முதலில் வருவது கட்டணம் கேட்கும் போலித் தளங்கள்தான். முகவரி கவ் டாட் இன் (gov.in) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆதார் எண்ணைப் போட வேண்டும்.

வேலை கொடுக்கிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரும் டெபாசிட் என்று எந்தப் பெயரில் அவர் கேட்டாலும் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், அன்றே செய்தால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு, நாள் ஆக ஆகக் கைமாறிவிடும். மிரட்டி வந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். டைப்பிங் பிழைக்கு 6,000 கட்டச் சொல்லும் அந்த வக்கீல் நோட்டீஸுக்குப் பயந்து ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அந்த அக்கா அனுப்பவில்லை. அந்த நம்பரிலிருந்து அப்புறம் போனே வரவில்லை.