எசென்ஷியல் ஆயில்: சொல்லும் சாரமும்

எசென்ஷியல் ஆயில் (பெயர்ச்சொல்): மணமுள்ள செடிகொடிகளின் இலை, பூ, பட்டை, விதையிலிருந்து நீராவியில் வடித்தோ, ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலிருந்து பிழிந்தோ எடுக்கப்படும், காற்றில் ஆவியாகிவிடும் எண்ணெய்.

இணையக் கட்டுரைகள் பலவும் இதை 'அத்தியாவசிய எண்ணெய்' என்கின்றன. ரேஷன் கடையில் பாமாயிலுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டிய சரக்கோ என்று படிப்பவர் நினைத்தால் குற்றமில்லை. இங்கே எசென்ஷியல் என்பது 'இன்றியமையாத' என்ற பொருளில் வரவில்லை. எசென்ஸ், அதாவது சாரம் என்பதிலிருந்து வந்தது. நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்குக்கும் மேற்பட்ட ஐந்தாம் பொருளை இடைக்கால ஐரோப்பிய ரசவாதிகள் லத்தீனில் 'குவிண்டா எசென்ஷியா' என்றார்கள். (நம் ஐம்பூதக் கணக்கில் அது வானம்.) 16ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் பாராசெல்சஸ், மருந்தில் வேலை செய்வதே இந்தச் சாரம்தான் என்றார். அப்படிப் பார்த்தால் நேர்ப்பொருள் 'சார எண்ணெய்'.

எண்ணெய் என்ற பாதியிலும் சிக்கல் உண்டு. எள் + நெய் = எண்ணெய். வடமொழித் தைலமும் எள்ளைக் குறிக்கும் 'தில'த்திலிருந்து வந்ததே. ஆனால் நல்லெண்ணெய் கொழுப்பு. சார எண்ணெயில் கொழுப்பே கிடையாது. இரண்டிலும் ஒவ்வொரு சொட்டைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள்: நல்லெண்ணெய்க் கறை தங்கும், கலப்படமில்லாத யூகலிப்டஸ் எண்ணெய் பறந்துவிடும். 'தைலம்' என்று சொன்னாலும் குழப்பம் தீராது. மூலிகையை நல்லெண்ணெயில் காய்ச்சியதும் தைலம்தான், நீலகிரியில் இலையை வடித்து விற்பதும் தைலம்தான்.

சித்த மருத்துவத்தில் இதற்கு நெருங்கிய சொல் ஒன்று இருக்கிறது: தீநீர். ஓமத்தை நீரோடு வாலையில் (வடிக்கும் பாத்திரத்தில்) இட்டு வடித்தால் இறங்கும் நீர் ஓமத் தீநீர். குழந்தைக்கு வயிறு உப்பினால் பாட்டிமார் தேடும் 'ஓம வாட்டர்'. அந்த நீரில் மிதந்து வருவதுதான் எண்ணெய். அதைத் 'தீநெய்' என்று சொல்ல எனக்கும் ஆசைதான். விளக்கெரிக்கும் எண்ணெய் என்று நினைத்துவிடுவார்கள். பொதுப் பேச்சுக்குச் 'சார எண்ணெய்', வேதியியல் பேசும் இடத்தில் 'ஆவியாகும் எண்ணெய்' என்பது என் தேர்வு. 'நறுமண எண்ணெய்' புழக்கத்தில் இருந்தாலும் வாசனை சேர்த்த தலையெண்ணெயும் அதில் அடங்கிவிடும்.

சரி, அந்தச் சாரத்தில் என்னதான் இருக்கிறது? பெரும்பாலும் டெர்ப்பீன்கள்: ஐந்து கரியணு கொண்ட ஐசோப்ரீன் கூறுகள் இரண்டோ மூன்றோ சேர்ந்த அமைப்புகள். அவற்றோடு ஆல்கஹால், ஆல்டிஹைடு, பீனால் வகைகளும் வரும். கிருமியைக் கொல்லும் வேகத்தில் பீனால் வகை முன்னே நிற்கும். கிராம்பின் யூஜினால் ஒன்று; ஓமத்தின் தைமால் இன்னொன்று.

ஓம விதையில் எண்ணெய் 2 முதல் 4 சதவீதம். அந்த எண்ணெயில் 35 முதல் 60 சதவீதம் தைமால். குளிரவைத்தால் படிகமாகப் பிரியும். நாட்டு மருந்துக் கடையில் இதற்கு ஓம உப்பு என்று பெயர். வேதியியல்படி உப்பே அல்ல. இதோடு பச்சைக் கற்பூரமும் புதினா உப்பும் சேர்த்துக் குலுக்கினால் மூன்று திடப்பொருளும் நீராக இளகிவிடும். ஜெர்மன் வேதியியலாளர் காஸ்பர் நியூமன் 1719இல் தைம் செடியிலிருந்து தைமாலைப் பிரித்தார். அச்செடியின் பெயரே பொருளுக்கும் ஆனது. முதல் உலகப் போருக்கு முன் இந்திய ஓமம் கப்பலேறி, ஜெர்மனியில் தைமாலாகி வெளிவந்தது. கொக்கிப்புழுவுக்கு அன்று அதுதான் மருந்து.

தைமாலுக்கு ஓர் இரட்டை உண்டு: கார்வக்ரால். அணுக்களின் எண்ணிக்கை அதே, ஆக்சிஜன் ஒட்டியிருக்கும் இடம் மட்டும் வேறு. கற்பூரவள்ளி இலையில் இந்த இரண்டும் உண்டு. அதற்கு ஓமவல்லி என்று இன்னொரு பெயர் இருப்பதைக் கவனியுங்கள். தாவரவியலில் ஓமமும் அதுவும் வேறு வேறு குடும்பம். மூக்கை வைத்துப் பெயரிட்டவர்கள் வேதியியலைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

பாக்டீரியாவின் சவ்வு கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. தைமால் கொழுப்பில் எளிதில் கரையும் என்பதால் சவ்வுக்குள் புகுந்து அடுக்கைக் குலைக்கிறது. பொட்டாசியம் அயனிகளும் ஆற்றல் தரும் ஏடிபியும் வெளியே ஒழுக, செல் செத்துப்போகிறது. பாக்டீரியாக்களில் 'கிராம் எதிர்' (gram-negative) எனப்படும் வகைக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருப்பதால் அவை பொதுவாக அதிகம் தாங்கும். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா அதில் பேர்போனது. இவையெல்லாம் பெரும்பாலும் ஆய்வகத் தட்டில் கண்டவை. உடலுக்குள் அதே செறிவு எட்டாது, எட்டுமளவு விழுங்கினால் நம் செல்லின் சவ்வும் தப்பாது. யூகலிப்டஸ் எண்ணெயைச் சிறிதளவு குடித்த குழந்தைகளுக்கே வலிப்பு வந்திருக்கிறது.

ஆகவே புட்டியில் செடியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. இலங்கைக் கறுவா மரத்தின் பட்டையை வடித்தால் பெரும்பகுதி சின்னமால்டிஹைடு. அதே மரத்தின் இலையை வடித்தால் பெரும்பகுதி யூஜினால், அதாவது கிராம்பில் இருப்பது. இரண்டையும் 'கறுவா எண்ணெய்' என்றே விற்கலாம்.